பொதியாளரும் மூலநிரலும்: லினக்ஸ் வழங்கிகளின் வழுக்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

லினக்ஸ் இயங்குதளத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோரிற் பெரும்பாலோர் இரு பெயர்களுடன் அதனைத் தொடங்குவர். 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்த அமெரிக்கரான றிச்சட் ஸ்ரோல்மன் ஒருவர். 1991 இல், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த காலத்தில், ‘கேர்னல்’ எனப்படும் கருநிரலை எழுதி வெளியிட்ட லினஸ் ரோர்வால்ட்ஸ் மற்றையவர். இவ்விருவரது பணியைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயின், பல்லாயிரவரின் உழைப்பினால் உருவான ஒரு சமூக உற்பத்தியை இரு தனிமனிதரின் மேதைமையாகச் சுருக்கிக் கூறும் முறை, இலக்கிய வரலாற்றிலே நாம் நெடுங்காலமாகக் கண்டு சலித்த முறையேயாகும். புலவர் வரலாறே இலக்கிய வரலாறு எனக் கொண்டோர், அப்புலவரின் நூலைப் படியெடுத்தவரையும் பேணியவரையும் பதிப்பித்தவரையும் அடிக்குறிப்பிற் கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. மென்பொருளின் வரலாற்றாசிரியரும் அவ்வழியே சென்றுள்ளனர்.

அவர்கள் விட்டுச்சென்ற மனிதரைப் பற்றியதே இக்கட்டுரை. ஆங்கில வழக்கில் ‘பக்கேஜ் மெயின்ரெயினர்’ எனப்படும் அவரை நாம் பொதியாளர் எனக் குறிப்பிடுவோம். ஒருவர் எழுதிய மூலநிரலை எடுத்து, தமது முறைமைக்கு ஏற்பத் திருத்தி, தொகுத்து, அது வேறு எந்தெந்த நிரல்களைச் சார்ந்து நிற்கிறது எனக் குறித்து, ஒரே கட்டளையில் நிறுவத்தக்க பொதியாகக் கட்டித் தருவது அவரது தொழில். அவருக்கு மேலே மூல ஆசிரியர் நிற்கிறார். கீழே, வங்கியிலோ மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ ‘சேர்வர்’ எனப்படும் வழங்கிக் கணனிகளை இரவும் பகலும் இயக்கிவரும் நிருவாகி நிற்கிறார். வழங்கி திடீரென இயங்க மறுக்கும்போது நிருவாகி முதலில் தம்மையே நொந்துகொள்வார். பின்னர் இயந்திரத்தை நொந்துகொள்வார். இத்தகைய வழுக்களிற் கணிசமானவை மேற்கூறிய மூவரிடையே நிலவும் தொழிற்பிரிவினையின் பொருத்துவாய்களிற் பிறந்தவை என்பதும், அப்பிரிவினையின் வரலாற்றை அறியாது அவற்றின் காரணத்தை முற்றாகக் காணவியலாது என்பதும் நாம் இங்கு நிறுவ முனையும் கருத்துகளாகும்.

2

கருநிரல் மட்டும் ஒரு கணனியை இயக்கப் போதாது. தொகுப்பிகள், கட்டளை நிரல்கள், வலையமைப்புக் கருவிகள் எனப் பலவும் வேண்டும். அவற்றை ஒருங்கு திரட்டித் தருவோர் 1992 அளவிலே தோன்றினர். அக்காலத்தில் மிகப் பரவியிருந்த திரட்டு எஸ்.எல்.எஸ். என்பது. அதன் குறைபாடுகள் இரு வேறு முயற்சிகளுக்கு வித்திட்டன. பற்றிக் வொல்கேர்டிங் 1993 யூலையில் ஸ்லக்வெயாரை வெளியிட்டார். அதே ஆண்டு ஓகஸ்ற் 16 ஆந் தேதி, இந்தியானா மாநிலத்துப் பேர்டியூப் பல்கலைக்கழக மாணவரான இயன் மேர்டொக், டெபியன் என்னும் திட்டத்தை அறிவித்தார். இவற்றை லினக்ஸ் உலகம் ‘விநியோகங்கள்’ என அழைக்கிறது. அரசியற் பொருளாதாரம் பயில்வோர்க்கு இச்சொல் புதியதன்று. உற்பத்தியும் விநியோகமும் பரிவர்த்தனையும் நுகர்வும் ஒரு முழுமையின் உறுப்புகளே என்பதை மார்க்ஸ் 1857 இல் எழுதிய குறிப்புகளில் விளக்கியிருந்தார். விநியோகத்தை உற்பத்திக்குப் பிந்திய வெறும் பட்டுவாடாவாகக் கருதுவோர் பொருளாதாரத்திற் செய்யும் பிழையையே, பொதியாளரை வெறும் மூட்டை கட்டுபவராகக் கருதுவோரும் செய்கின்றனர்.

ஸ்லக்வெயாரின் பொதி எளிமையானது: சுருக்கிக் கட்டப்பட்ட கோப்புத் தொகுதி, நிறுவும்போது இயங்கும் சிறு நிரல், அவ்வளவே. இந்நிரல் இயங்க வேறு எது வேண்டும் என்பதை அப்பொதி கூறாது. நிருவாகியே அறிந்திருத்தல் வேண்டும். டெபியனின் ‘டிபிகேஜி’ என்னும் பொதிக்கருவியும், றெட் ஹற் நிறுவனத்தில் எரிக் றோவன், மார்க் யூவிங் ஆகியோர் உருவாக்கி 1995 இல் வெளிவந்த ஆர்.பி.எம். கருவியும் அவ்வறிவைப் பொதிக்குள்ளேயே எழுதி வைத்தன. இது நிரலகம் இன்னதைச் சாரும், இன்ன பதிப்புக்குக் குறையாதிருத்தல் வேண்டும், இன்னதுடன் ஒத்துவாழாது என்றவாறு ஒவ்வொரு பொதியும் தன் உறவுமுறையைத் தானே கூறலாயிற்று. நிருவாகியின் மூளையிலிருந்த தொழிலறிவு கருவிக்குட் சென்று படிந்தது. தொழிற்சாலை வரலாற்றில் நாம் அறிந்த நிகழ்வே இது. இங்கும் அதன் பயனும் தீங்கும் ஒருங்கே வந்தன. பல நிரல்கள் ஒரே நிரலகத்தைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறையால் வட்டில் இடம் மிஞ்சியது. நிரலகத்திற் கண்ட பாதுகாப்புப் பிழையை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாவற்றிலும் திருந்தியது. ஆனால் ஒரு பொதியை நிறுவ இன்னொன்றும், அதற்கு மற்றொன்றும், அதற்கு ஏற்கெனவேயுள்ள ஒன்றை நீக்குவதும் எனச் சங்கிலி நீண்டது. தொழிலறிந்தோர் இதனைச் ‘சார்பு நரகம்’ என்றே அழைத்தனர். 1999 மார்ச்சில் டெபியன் 2.1 உடன் வந்த ‘ஏபிரி’ என்னும் கருவி சங்கிலி முழுவதையும் தானே கணித்துத் தேவையானவற்றை வலையமைப்பிலிருந்து கொணரத் தொடங்கியபின் அந்நரகின் வெம்மை பெரிதும் தணிந்தது. 2023 யூனில் வெளிவந்த டெபியன் 12 இல் 64,000 இற்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. எந்தவொரு நிருவாகியும் தம் வாழ்நாளில் இவற்றின் மூலநிரலைப் படித்து முடிக்கப் போவதில்லை. அவர் பொதியாளரை நம்புகிறார்; நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

3

நிரல்களைப் பொதிவது ஒப்பீட்டளவில் எளிது. சிக்கல் முற்றுவது அமைவடிவக் கோப்புகளிலேயே. ‘எற்சி’ என வழங்கும் அடைவில் இருக்கும் இக்கோப்புகள், எந்த வாயிலில் கேட்பது, எவரை அனுமதிப்பது, எந்த அடைவிலிருந்து பக்கங்களை வழங்குவது முதலியவற்றை நிரலுக்குக் கூறுவன. நிரற் கோப்பு பொதிக்கு உரியது. அதனை நிருவாகி தொடுவதில்லை. பயனரின் தரவு நிருவாகிக்கு உரியது. அதனைப் பொதி தொடுவதில்லை. அமைவடிவக் கோப்போ இருவருக்கும் உரியது. பொதியாளர் ஒரு பாடத்தை எழுதி அனுப்புகிறார். நிருவாகி தம் தேவைக்கேற்ப அதனைத் திருத்துகிறார். அடுத்த பதிப்பிற் பொதியாளர் தம் பாடத்தை மாற்றுகிறார். எந்தப் பாடம் நிற்க வேண்டும்?

டெபியனின் கருவி இவ்வினாவை அணுகும் முறை ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பழகியோர்க்கு உவகை தரவல்லது. முன்னைய பதிப்பு அனுப்பிய பாடம், இப்பொழுது வட்டிலுள்ள பாடம், புதிய பதிப்பு கொணரும் பாடம் என மூன்றையும் அது ஒப்பிடுகிறது. நிருவாகி எதனையும் மாற்றாதிருந்தாற் புதியது பழையதை ஓசையின்றி மாற்றீடு செய்யும். பொதியாளர் மாற்றாதிருந்தால் நிருவாகியின் பாடம் அப்படியே நிற்கும். இருவரும் மாற்றியிருந்தால் மட்டுமே கருவி நின்று கேட்கிறது. விடை எதுவாயினும், தோற்ற பாடத்தை வேறொரு பின்னொட்டுடன் அருகிலே வைத்துச் செல்கிறது. ஆர்.பி.எம். கேட்பதில்லை. பொதியாளர் முன்கூட்டியே இட்டுவைத்த குறிப்பின்படி, ஒன்றில் நிருவாகியின் கோப்பை நிறுத்திப் புதியதை ‘நியூ’ என முடியும் பெயரில் அருகே வைக்கும். அன்றேல் புதியதை நிறுத்தி நிருவாகியினதைச் ‘சேவ்’ என முடியும் பெயரில் ஒதுக்கும். ஆளில்லாது நூறு கணனிகளை ஒரே இரவில் மேம்படுத்த விரும்பும் நிறுவன வாடிக்கையாளரை முன்னிறுத்திய கருவி கேள்வி கேட்டுக் காத்திருக்க முடியாது. தன்னார்வலர் சங்கமொன்றின் கருவிக்கு அவ்வவசரம் இருக்கவில்லை. கருவியின் குணம் அதனைப் படைத்தோரின் சமூக இருப்பைக் காட்டுகிறது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை என்றே நாம் எண்ணுகிறோம். மேம்படுத்தலின் பின் வழங்கி நின்றுபோனால், அனுபவமுள்ள நிருவாகி முதலில் ‘எற்சி’ அடைவில் இப்பின்னொட்டுகளைத் தேடுவதும் இதனாலேயே.

அப்பாச்சி என்னும் வலைவழங்கியின் வரலாறு இவ்வகையில் நின்று நோக்கத்தக்கது. அதன் பிறப்பே ஒட்டுகளிலிருந்துதான். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீக்கணனி மையத்தில் றொப் மக்கூல் எழுதிய வலைவழங்கி, அவர் 1994 இல் அங்கிருந்து நீங்கிய பின் பேணுவாரின்றி நின்றது. அதனைப் பயன்படுத்தி வந்த நிருவாகிகள் தத்தம் தேவைக்கு எழுதிய திருத்த ஒட்டுகளைப் பரிமாறத் தொடங்கினர். 1995 இல் அவற்றைத் திரட்டிப் புதிய வழங்கியாக வெளியிட்டனர். ஓராண்டுக்குள், 1996 ஏப்பிரலில், இணையத்தில் மிகப் பெருவழக்கான வலைவழங்கி அதுவே ஆயிற்று. பயன்படுத்துவோரே எழுதுவோராகவும் இருந்த அத்தருணம் நீடிக்கவில்லை. எழுதுவோர் ஒரு நிறுவனமாயினர். பொதிவோர் விநியோகந்தோறும் பிரிந்தனர். இன்று அதே நிரல் றெட் ஹற் மரபில் ‘எச்.ரி.ரி.பி.டி.’ என்றும், டெபியன் மரபில் ‘அப்பாச்சி 2’ என்றும் பெயர்பெறும். முன்னையதில் ‘அப்பாச்சி’ என்ற பயனராகவும் பின்னையதில் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேற்றா’ என்ற பயனராகவும் இயங்கும். மூல ஆசிரியர் ஒரே பெருங்கோப்பாக எழுதிய அமைவடிவத்தை டெபியன் சிறு துண்டுகளாகப் பிரித்து, கிடைக்கத்தக்க தளங்கள், இயங்கும் தளங்கள் என இரு அடைவுகளில் இட்டது. அதற்கு நியாயமான காரணம் உண்டு: பல பொதிகள் ஒரே கோப்பில் எழுதத் தொடங்கினால் ஒன்று மற்றொன்றின் வரியைச் சிதைத்துவிடும், தனித்தனித் துண்டாயின் ஒவ்வொன்றும் தன் துண்டை இடலாம், எடுக்கலாம். ஆனால் மூல ஆசிரியரின் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு டெபியன் வழங்கியின் முன் அமரும் நிருவாகி, கையேடு கூறும் கோப்பை அங்கே காணமாட்டார். டெபியன் இதனை மறைக்கவில்லை. புதிதாக நிறுவப்பட்ட வழங்கி காட்டும் முதற்பக்கத்திலேயே, இவ்வமைவடிவம் மூல ஆசிரியரதினும் வேறுபட்டது என எழுதியிருக்கிறது. அப்பக்கத்தைப் படிப்போர் சிலரே.

2012 பெப்ரவரியில் அப்பாச்சி 2.4 வெளிவந்தபோது அனுமதி வழங்கும் கட்டளைகளின் இலக்கணமே மாறியது. ‘ஓர்டர்’, ‘அலோ’, ‘டினை’ என்றிருந்தவை போய் ‘றிக்குவயர்’ என்ற ஒரே கட்டளை வந்தது. பழைய கட்டளைகளும் இயங்குதற்கென ஓர் இணைவுக்கூறு சேர்க்கப்பட்டது. எனினும் பழையதும் புதியதும் கலந்த இடங்களில் எவரும் எதிர்பாராத மறுப்புகள் நேர்ந்தன. இது மூல ஆசிரியர் செய்த மாற்றம். 2015 ஏப்பிரலில் டெபியன் 8 இதனைத் தன் நிலைப்பதிப்பிற் சேர்த்தபோது பொதியாளர் இரண்டு மாற்றங்களைக் கூட்டினர். தள அமைவடிவக் கோப்பின் பெயர் ‘கொன்ஃப்’ என முடியாவிட்டால் வழங்கி அதனை நோக்காது. பக்கங்களின் இயல்பிருப்பிடமும் ஓர் அடைவு உள்ளே தள்ளிவைக்கப்பட்டது. மேம்படுத்தி முடித்த நிருவாகி கண்டதென்ன? சில தளங்களுக்கு, வழங்கியின் அமைவடிவத்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்ற பதிவு. வேறு சில தளங்களுக்கு எப்பதிவும் இல்லை. தளம் இருந்த இடத்தில் டெபியனின் முதற்பக்கம் மட்டும் தோன்றியது. முதல் வழு மூல ஆசிரியரிடமிருந்து வந்தது, இரண்டாவது பொதியாளரிடமிருந்து. ஒரே நாளில் ஒரே திரையில் தோன்றிய இரண்டுக்கும் வேறுவேறு ஊற்றுகள், வேறுவேறு ஆவணங்கள். இரண்டையும் ஒன்றெனக் கருதி மூல ஆசிரியரின் கையேட்டை மட்டும் புரட்டியவர் பாதி விடையுடன் திரும்பினார். பாடம் எக்கையால் எப்பொழுது மாறியது என வினவும் பழக்கம், சுவடி ஆராய்வோரைப் போலவே வழங்கி ஆள்வோருக்கும் இன்றியமையாதது.

4

மேற்கூறிய வழுக்கள் தம்மைத் தாமே அறிவிப்பன. தளம் மறைந்தால் யாரேனும் தொலைபேசியில் அழைப்பர். இனி நாம் நோக்கவிருப்பது இருபது மாதங்கள் எந்த அறிவிப்பும் தராதிருந்த ஒரு வழு.

வழங்கிகள் ஒன்றோடொன்று மறைவாக உரையாடப் பயன்படுத்தும் நிரலகம் ஓப்பின் எஸ்.எஸ்.எல். இது 1998 இன் இறுதியில் முன்னையதொரு நிரலகத்தின் வழித்தோன்றலாக உருவாயிற்று. மறைமொழியின் வலிமை திறவுகோலை எவரும் ஊகிக்க முடியாமையிற் தங்கியுள்ளது. அதற்கு எழுமாற்று எண்கள் வேண்டும். நிரலகம் பல இடங்களிலிருந்து எழுமாற்றுத் தரவைத் திரட்டி ஒரு குட்டையிற் கலந்து, அதிலிருந்து எண்களை வார்த்தது. 2006 இல், ‘வல்கிறைண்ட்’ என்னும் நினைவகச் சோதனைக் கருவியைப் பயன்படுத்தியோர், இந்நிரலகம் தொடக்கமதிப்பு இடப்படாத நினைவகத்தைப் படிக்கிறது என்ற எச்சரிக்கைகளை டெபியனுக்கு முறையிட்டனர். பொதியாளர் ஆராய்ந்து, எச்சரிக்கைக்குக் காரணமான வரி இரண்டிடங்களில் வருவதைக் கண்டார். எழுத்துக்கு எழுத்து ஒரே வரிதான். ஓரிடத்தில் அது, வரவிருக்கும் விடைக்கென ஒதுக்கப்பட்ட இடத்திற் கிடந்த பழைய குப்பையையும் குட்டையிற் சேர்த்தது. அதை நீக்கினால் இழப்பில்லை. மற்றையிடத்திலோ, திரட்டப்பட்ட எழுமாற்றுத் தரவு அனைத்தும் குட்டைக்குட் செல்லும் வாயிலே அந்த வரிதான். முதலாவது இடத்தில், சோதனைக் கருவி இதனைக் குறைகூறும் என மூல ஆசிரியரே ஒரு குறிப்பு எழுதி, வேண்டுவோர் நீக்கிக்கொள்ள வழியும் வைத்திருந்தார். இரண்டாவது இடத்தில் எக்குறிப்பும் இல்லை. சொல்லின் பொருள் அது நிற்கும் இடத்தால் வேறுபடும் என்பதை இலக்கிய மாணவர்க்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. உரைக்குறிப்பு உள்ள இடத்தின் பொருளை, உரைக்குறிப்பு இல்லாத இடத்துக்கும் ஏற்றிக் கொண்டமையே இங்கு நேர்ந்தது.

பொதியாளர் இதனைத் தாமே இரகசியமாகச் செய்யவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மாற்றத்தை ஓப்பின் எஸ்.எஸ்.எல். உருவாக்குநர் கூடும் பொதுவிடத்தில் முன்வைத்துக் கேட்டார். அக்குழுவைச் சேர்ந்த ஒருவர், வழுத்தேடலுக்கு உதவுமாயின் நீக்குவதில் தமக்கு உடன்பாடே என்னும் கருத்துப்பட விடையளித்தார். கேட்டவர் தம் விநியோகத்துப் பயனர் அனைவருக்கும் செல்லும் பொதியை எண்ணிக் கேட்டார். விடையளித்தவர் ஒருவர் தம் மேசையிற் செய்யும் தற்காலிகச் சோதனையை எண்ணி விடையளித்தார் என்றே தோன்றுகிறது. உண்மை வெளிப்பட்டபின், அவ்விடம் தமது குழுவை அணுகுவதற்கு உரிய இடமே அன்று என மூல ஆசிரியர் தரப்பில் வாதிக்கப்பட்டது. இவ்வாதம் உண்மையாயினும், அது தொழிற்பிரிவினையின் இரு கரைகளுக்கும் இடையே ஒழுங்கான பாலமொன்று இருக்கவில்லை என்பதையே மெய்ப்பிக்கிறது.

மாற்றப்பட்ட பொதி 2006 செப்ரெம்பர் 17 இல் டெபியனின் வளர்நிலைப் பதிப்பிற் சேர்ந்தது; பின் நிலைப்பதிப்புக்கும், டெபியனை அடியொற்றி எழுந்த உபுண்டுவுக்கும் சென்றது. அன்று முதல் குட்டைக்குள் எஞ்சி விழுந்த எழுமாற்றுத் தரவு, இயங்கும் செயன்முறையின் வரிசையெண் மட்டுமே. லினக்ஸில் அவ்வெண்ணின் இயல்பான மேலெல்லை 32,768. ஆகவே ஒரு குறித்த வகைக் கணனியில், ஒரு குறித்த அளவுத் திறவுகோல்களில், உலகம் முழுவதும் உருவாக்கக்கூடியவை ஏறத்தாழ 32,000 மட்டுமே. அனைத்தையும் முன்கூட்டியே உருவாக்கி ஒவ்வொன்றாகப் பூட்டிற் செலுத்திப் பார்க்க ஒருவருக்குப் பெரும்பொழுது தேவையில்லை. 2008 மே 13 இல், லூசியானோ பெல்லோ கண்டுபிடித்த இவ்வழுவை டெபியன் பகிரங்கமாக அறிவித்தது. அதுவரை எல்லா வழங்கிகளும் செவ்வனே இயங்கின. திறவுகோல்கள் உருவாயின, பூட்டுகள் திறந்தன, பதிவேடுகளில் ஒரு வரியேனும் குறை கூறவில்லை.

திருத்திய பொதி அன்றே வந்தது. அதனை நிறுவியதோடு பணி முடிந்துவிடவில்லை என்பதே நிருவாகிகள் எதிர்கொண்ட கொடுமை. பொதி திருந்தும், ஏற்கெனவே உருவான திறவுகோல் திருந்தாது. ஒவ்வொரு திறவுகோலையும் சான்றிதழையும் தேடியெடுத்து மாற்ற வேண்டியிருந்தது. டெபியனைக் கண்டே அறியாத வழங்கிகளும் தப்பவில்லை: டெபியன் மேசைக்கணனியில் உருவான பொதுத்திறவுகோலை யாரோ ஒரு பயனர் அங்கே பதிந்து வைத்திருந்தால் போதும். டி.எஸ்.ஏ. வகைத் திறவுகோல்களின் நிலை இன்னும் மோசமானது. அவை வேறிடத்தில் நன்கு உருவானவையாயினும், கையொப்பமிடும் ஒவ்வொரு முறையும் புதிய எழுமாற்று எண் வேண்டுவதால், வழுவுள்ள கணனியில் ஒருமுறை பயன்பட்டாலே கெட்டவையாகக் கொள்ள வேண்டியிருந்தது. கெட்ட திறவுகோல்களின் கறுப்புப் பட்டியலே ஒரு தனிப் பொதியாக அனுப்பப்பட்டது. பொதி வரலாற்றில் இது விசித்திரமானதோர் அத்தியாயம்.

இந்நிகழ்வு பற்றி எழுந்த விமரிசனங்கள் இருவகைப்பட்டன. ஒரு சாரார் பொதியாளரின் அறியாமையைச் சாடினர். விநியோகத்தார் மூலநிரலைத் தொடவே கூடாது என்றனர். இக்கூற்று விநியோகத்தின் இயல்பை அறியாத கூற்று. நிலைப்பதிப்பொன்றை ஆண்டுக்கணக்கிற் பேணுவோர், மூல ஆசிரியர் புதிய பதிப்பில் மட்டும் செய்த பாதுகாப்புத் திருத்தத்தைப் பழைய பதிப்புக்கு எடுத்துவந்து ஒட்டுகின்றனர். பதிப்பெண் பழையதாகவே நிற்கும்; பிழை மட்டும் நீங்கியிருக்கும். பதிப்பெண்ணை மட்டும் நோக்கி, இவ்வழங்கி ஆபத்தானது என அறிக்கை எழுதும் சோதனைக் கருவிகளோடு நிருவாகிகள் ஓயாது வாதிட நேர்வதும் இதன் பக்கவிளைவே. தொடாதே என்பது இப்பணி முழுவதையும் கைவிடு என்பதாகும்.

மறுசாரார், கண்கள் பலவாயின் வழுக்கள் மறையா என்னும் கொள்கைக்கு நேர்ந்த விதிவிலக்கு எனக்கொண்டு அமைதியடைந்தனர். அக்கொள்கையை 1997 இல் எரிக் றேமன்ட் தம் கட்டுரையொன்றிற் பரப்பினார். மூலநிரல் திறந்தே கிடந்தது. டெபியனின் மாற்றமும் எவரும் காணத் திறந்தே கிடந்தது. காண்பதற்கு யார் இருந்தனர்? திறந்திருத்தல் வாசிப்புக்கு வாய்ப்பளிக்கும். வாசிப்பதற்கோ நேரமும் பயிற்சியும் ஊதியமும் வேண்டும். கண்கள் எனக் கூறப்படுபவை உழைக்கும் மனிதரின் உழைப்பு நேரமே என்பதை மறந்த கருத்துமுதல்வாதம் இது. விதிவிலக்கு என்பதும் பொருந்தாது.

5

அது பொருந்தாமையைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 2014 ஏப்பிரலில் ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயர்பெற்ற வழு அதே ஓப்பின் எஸ்.எஸ்.எல். நிரலகத்தில் வெளிப்பட்டபோது, உலக வாணிபத்தின் பெரும்பகுதி தங்கியிருந்த அந்நிரலகத்துக்கு முழுநேர ஊழியர் ஒருவரே இருந்தார் என்பதும், அதற்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர் என்பதும் தெரியவந்தன. பெரிய நிறுவனங்கள் அதன்பின்னரே கூடி நிதி ஒதுக்கின. ஐந்தாண்டு கழிந்து, 2019 யூலையில், ஐ.பி.எம். நிறுவனம் றெட் ஹற்றை 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது. விநியோகத்திற் செல்வமில்லை என எவரும் கூறவியலாது. அச்செல்வம் சங்கிலியின் எந்தக் கண்ணியில் தேங்குகிறது என்பதே வினா.

2024 மார்ச் 29 இல் வெளிப்பட்ட ‘எக்ஸ் இசெற்’ நிகழ்ச்சி இவ்வினாவைக் கூர்மையாக்கியது. கோப்புகளைச் சுருக்கும் இச்சிறு நிரலகத்தைப் பின்லாந்தைச் சேர்ந்த லாசி கொலின் ஏறத்தாழத் தனியொருவராகவே பேணிவந்தார். 2022 இல் அவரது தாமதத்தைக் கண்டித்துச் சிலர் நெருக்கியபோது, இது ஊதியமற்ற பொழுதுபோக்குப் பணி என்பதை அவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. நெருக்கியோரின் பெயர்கள் வேறெங்கும் காணப்படாதவை. பாரத்தைப் பகிர முன்வந்து அவரது நம்பிக்கையைப் பெற்றவரும் ஒரு புனைபெயருக்குப் பின்னால் நின்றவரே. அவர் 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் ஒரு கள்ளவாயிலை வைத்தார். அதன் அமைப்பு எமது பொருளுக்கு மிக நெருங்கியது. அவ்வாயிலைத் திறக்கும் வரி பொதுவிற் காணக்கிடந்த மூலநிரற் களஞ்சியத்தில் இல்லை. பொதியாளர் எடுத்துச்செல்லும் வெளியீட்டுக் கட்டிலே மட்டும் இருந்தது. டெபியன் பொதியாகவோ ஆர்.பி.எம். பொதியாகவோ தொகுக்கப்படும்போது மட்டுமே அது விழித்தெழுந்தது. அதன் இலக்கு, தொலைவிலிருந்து வழங்கிக்குள் நுழைவோரை வரவேற்கும் ‘ஓப்பின் எஸ்.எஸ்.எச்.’ நிரல். அந்நிரலுக்கும் கோப்புச் சுருக்கத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தொடங்கிவிட்டேன் எனச் ‘சிஸ்ரம்டி’ என்னும் முறைமை மேலாளருக்கு அறிவிப்பதற்காகப் பல விநியோகங்கள் அந்நிரலில் ஓர் ஒட்டுப் போட்டிருந்தன. ஒட்டு சிஸ்ரம்டியின் நிரலகத்தை அழைத்தது. அந்நிரலகம் எக்ஸ் இசெற்றைச் சார்ந்திருந்தது. இவ்வழியே வாயில் திறந்தது.

2006 இல் நேர்ந்தது தவறு, இது சதி. ஆயினும் சதிகாரர் தேர்ந்த பாதை அதே பொருத்துவாய். மூல ஆசிரியரின் தனிமையையும், பொதியாளரின் ஒட்டையும், வெளியீட்டுக் கட்டை எவரும் களஞ்சியத்துடன் ஒப்பிடாமையையும் அவர்கள் எம்மிற் பலரினும் நன்கு வாசித்திருந்தனர். நிலைப்பதிப்புகளை எட்டுமுன் இதனைக் கண்டவர் அன்ட்றேஸ் புறொயின்ட் என்னும் தரவுத்தள உருவாக்குநர். மைக்ரோசொப்ற் நிறுவனத்தில் ஊதியம் பெறுபவர். வளர்நிலை டெபியனில் வழங்கிக்குள் நுழைய ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாகச் செல்வதை அவர் கவனித்தார். அதற்கு முன்னரே வல்கிறைண்ட் கருவி காட்டிய விளங்காத குறைகளும் அவர் நினைவிலிருந்தன. 2006 இல் வல்கிறைண்டின் வாயை அடைக்க எடுத்த முயற்சி வழுவாயிற்று. 2024 இல் அதன் முறைப்பாட்டைப் புறந்தள்ளாத ஒருவர் இருந்தார். அரை வினாடியைத் துருவிப் பார்க்கும் அவகாசமும் அவருக்கு இருந்தது.

அதே ஆண்டு யூலையில் வெளிவந்த ஓப்பின் எஸ்.எஸ்.எச். 9.8, சிஸ்ரம்டிக்கு அறிவிக்கும் சிறு நிரலைத் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டது. ஆகவே ஒட்டின் தேவை நீங்கிற்று. இதற்கு மிக முன்னரே, 2008 இன் அதிர்ச்சிக்கு அடுத்த ஆண்டுகளில், டெபியன் தன் பொதி வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. ஆர்.பி.எம். தொடக்கம் முதலே கொண்டிருந்த நெறியைப் போன்று, மூல ஆசிரியரின் நிரல் தீண்டப்படாது ஒரு பக்கம். பொதியாளரின் ஒட்டுகள் தனித்தனிக் கோப்பாக மறுபக்கம். ஒவ்வோர் ஒட்டின் தலையிலும் அது எதற்கு, எங்கிருந்து வந்தது, எவர் எழுதியது எனக் குறிக்கும் முறையும் 2009 அளவில் வகுக்கப்பட்டது. அத்தலைப்புகளில் ஒன்று, இவ்வொட்டு மூல ஆசிரியருக்கு அனுப்பப்பட்டதா என்று கேட்கிறது. அனுப்பப்பட்ட இடத்தின் முகவரியை அங்கே எழுதலாம். தேவையில்லை எனவும் எழுதலாம். இல்லை எனவும் எழுதலாம். வழங்கியொன்று விளங்காத முறையிற் பிழைக்கும்போது நிருவாகிகள் அப்பொதியின் ஒட்டு அடைவைத் திறந்து, அந்த ஒரு வரியிலிருந்தே தம் தேடலைத் தொடங்கலாம்.